படகு ஏசி: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது தறியில் உட்காருவதில்லை. ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் பிரிவு படித்து, சென்னையில் கொஞ்ச காலம் ஸ்பிளிட் ஏசி மாட்டிப் பழகி, பிறகு துபாய்க்கோ தோகாவுக்கோ போகிறார்கள். அங்கே சிலரைப் படகு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டு ஏசியும் கடை ஏசியும் பார்த்த பையன் படகின் அடித்தட்டில் குனிந்து போய்ப் பார்த்தால், வெளி யூனிட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. அப்போது எனக்கு போன் வரும். துபாய் கிரீக் ஓரத்துப் படகுப் பட்டறைகளிலும் மரினாக்களிலுமே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

படகு ஏசியிலும் அதே கம்ப்ரஸர், அதே கூலிங் காயில், அதே கேஸ்தான். மாறுவது ஒன்றே ஒன்று. அறையில் இழுத்த சூட்டை வீட்டு ஏசி வெளிக்காற்றில் ஊதித் தள்ளும். படகு ஏசி கடல் தண்ணீரில் கரைத்துத் தள்ளும். படகின் அடிப்பக்கத்தில் ஒரு துளை, அதில் சீ காக் எனப்படும் வால்வு, அடுத்து ஸ்ட்ரெய்னர், அடுத்து பம்ப், அடுத்து கண்டென்ஸர். அதைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் படகின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை வழியாகக் கடலிலேயே விழும். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் காற்றைப்போல ஏறக்குறைய 3,500 மடங்கு சூட்டைத் தூக்கும். அதனால்தான் ஒன்றரை டன் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடுகிறது. ஆனால் உள்ளே வருவது வடிகட்டிய தண்ணீர் இல்லை, கடல். மணலும் பாசியும் முட்டைகளும் சிப்பிக் குஞ்சுகளும் சேர்ந்தே வருகின்றன. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்ப் பாதையில்தான் இருந்தது. கேஸில் இருந்தது கொஞ்சமே.

போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

“அண்ணே, கேபின்ல கூலிங் வரல. அரை மணி நேரம் ஓடி ஹெச்பி-யில ட்ரிப் ஆகுது. கேஸ் கொஞ்சம் ஏத்திடட்டுமா?”

“தம்பி, கேஸைத் தொடாத. வெளிய தண்ணி எவ்வளவு விழுது?”

“விழுதுண்ணே.”

“விழுதுன்னா எவ்வளவு? பக்கெட் வச்சுப் பிடிச்சியா?”

பிடித்திருக்க மாட்டான். படகு ஏசி வேலைக்குப் போகிறவன் கேஜ் செட்டுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை ஒரு பத்து லிட்டர் பக்கெட்டும் ஒரு தெர்மாமீட்டரும். ஒரு டன் யூனிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் ஒரு டன் யூனிட்டில் பக்கெட் ஒரு நிமிடத்துக்குள் நிறையும். ஒன்றரை டன்னில் 35 விநாடி போதும். வெளியே விழும் தண்ணீர் தாரையாக, தொடர்ச்சியாக, இடையில் கக்காமல் விழ வேண்டும். விட்டுவிட்டுக் கக்கினால் எங்கோ காற்று நுழைகிறது.

அடுத்து தெர்மாமீட்டர். உள்ளே போகும் கடல் தண்ணீருக்கும் வெளியே விழும் தண்ணீருக்கும் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் நல்ல அறிகுறி. இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி நோயைப் பிடித்துவிடலாம். தண்ணீர் குறைவாக விழுந்து வித்தியாசம் 10-ஐத் தாண்டினால் அடைப்பு. சீ காக்கிலிருந்து பம்ப் வரை தேடுங்கள். தண்ணீர் தாராளமாக விழுகிறது, வித்தியாசமும் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஹை பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது என்றால் கண்டென்ஸர் குழாய்க்குள் உப்புப் பாறை படிந்திருக்கிறது. சூடு உலோகத்தைத் தாண்டி தண்ணீருக்குப் போக முடியவில்லை. கேஸை முன்பே யாராவது அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான் காட்டும். ஆகவே பழைய வேலையை விசாரியுங்கள். தண்ணீர் தாராளம், வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான், இரண்டு பிரஷரும் கீழே கிடக்கின்றன என்றால் அப்போதுதான் கேஸ் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஓட்டை எங்கே என்று தேடாமல் ஏற்றாதீர்கள்.

தண்ணீர் அடைபட்டு ஹெச்பி ட்ரிப் ஆகும் யூனிட்டில் கேஸ் ஏற்றினால் பிரஷர் இன்னும் ஏறும். ரீசெட் செய்து ரீசெட் செய்து ஓட்டினால் ஆயில் கருகி, கம்ப்ரஸர் வைண்டிங் போகும். ஐந்து நிமிடத்தில் ஸ்ட்ரெய்னரைக் கழுவி முடித்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரஸர் மாற்றும் வேலையாகிவிடும். அப்படிச் செத்த கம்ப்ரஸர்களை நிறையக் கழற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும், ஏனென்றால் அந்த இயந்திரத்தில் பழுதே இருந்திருக்காது.

வளைகுடாவில் இதெல்லாம் இன்னும் கடுமை. ஆகஸ்டில் அந்தக் கடலின் மேல்மட்டத் தண்ணீரே 33, 34 டிகிரியைத் தொடும். உள்ளே போகும் தண்ணீர் அவ்வளவு என்றால் வெளியே வருவது 40; ஆர்-410ஏ கேஸ் ஓடும் யூனிட்டில் ஹை பிரஷர் நல்ல நிலையிலேயே 400 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும். நம் சென்னைத் துறைமுகத்தில் டிசம்பரில் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போய்க் கேஸைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. அங்கே கடலின் உப்பும் அதிகம். பொதுவாகக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் அந்த வளைகுடாவில் 40 கிராம் வாக்கில் இருக்கும். ஜனவரியில் கொஞ்சம் அழுக்கோடு ஓடிவிடும் கண்டென்ஸர் ஜூலையில் ஓடாது. எனவே பெரிய கழுவலை மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

உப்புப் படிவது எனக்குப் படகில் போய்த்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பெரியப்பா ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருந்தார். கோறாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்தால்தான் மேலிருக்கும் பசை கழன்று பட்டு பட்டாகும். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரியாகி இழையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயம் திட்டுத்திட்டாக ஏறும், பளபளப்பு செத்துப்போகும். அதனால் புது போர் போட்டதும் ஒரு குவளைத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து நுரையைப் பார்த்த பிறகே பட்டைத் தொடுவார். களம்பூர் பக்கத்து ரைஸ் மில்களில் பாய்லர் பார்ப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் கால்சியமும், 1,300 மில்லிகிராம் அளவில் மெக்னீசியமும் இருக்கின்றன. சூடு ஏற ஏற கால்சியம் கார்பனேட் கரைந்திருக்க மாட்டாமல் பிரிந்து, சூடான சுவரில் ஒட்டும். கண்டென்ஸரின் உட்சுவர்தான் அந்தச் சூடான சுவர். நாக்கில் கரிக்கும் சாதாரண உப்பு நல்ல தண்ணீர் விட்டாலே கரைந்து போய்விடும். இந்தச் சுண்ணாம்புப் படிவு போகாது. அதற்கு ஆசிட்தான் வேண்டும். எது எதற்கு என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் தேவையில்லாமல் ஆசிட்டைத் தொட மாட்டீர்கள்.

சுண்ணாம்பைவிட வேகமாக அடைப்பவை உயிர்கள். பெரிய இடத்திலும் இதுவே கதை. கல்பாக்கத்து அணுமின் நிலையம் 1980-களிலிருந்து கடல் தண்ணீரால்தான் குளிர்விக்கப்படுகிறது. கடலுக்கு அடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தச் சுரங்கச் சுவரில் பச்சை ஆளி என்ற சிப்பி கொத்துக் கொத்தாகப் பிடித்தது. சொறிமீன் கூட்டம் வந்து சல்லடையை மூடியது. குளோரின் கலப்பது, சல்லடைகளை இடைவிடாமல் கவனிப்பது என்று அங்கே அதற்கென்றே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சுவீடனில் ஆஸ்கர்ஷாம் அணு உலை ஒன்றை 2013-ல் சொறிமீன் கூட்டம் அடைத்ததால் நிறுத்தியே வைத்தார்கள். வளைகுடாவில் 2008-லும் 2009-லும் சிவப்பு அலை எனப்படும் பாசிப் பெருக்கம் வந்தபோது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளே திணறின. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு கைப்பிடி அளவுள்ள படகு ஸ்ட்ரெய்னர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண நாளில் வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் போதும். சொறிமீன் கண்ணில் பட்டாலோ, தண்ணீர் நிறம் மாறினாலோ தினமும் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரெய்னரைத் திறக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றக் கூடாது. முதலில் ஏசியை அணைத்து பிரேக்கரை இறக்குங்கள். அடுத்து சீ காக்கை மூடுங்கள். பெரும்பாலான படகுகளில் ஸ்ட்ரெய்னர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். சீ காக்கைத் திறந்து வைத்துவிட்டு மூடியைக் கழற்றினால் கடலே உள்ளே வரும். கைப்பிடி இறுகிப்போய்த் திரும்பாவிட்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள், அது உடைந்தால் படகு போய்விடும். படகைக் கரையேற்றும் நாளுக்கு அந்த வேலையை எழுதி வையுங்கள். மூடிய பிறகு கூடையை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள். மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் தண்ணீர் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. காற்று உள்ளே போகும், பம்ப் கக்கும். வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லத் தடவி மூடுங்கள். மூடும்போது ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் நிரப்பி மூடினால் காற்று குறையும். பிறகு சீ காக்கைத் திறந்து, மூடியைச் சுற்றிக் கசிகிறதா பார்த்து, ஏசியைப் போட்டு, மேலே ஏறிப் போய் வெளியே விழும் தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே பம்ப் சத்தம் கேட்கிறது என்பதை வைத்து நம்பிவிடக் கூடாது.

பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பில்டிங் வேலையிலிருந்து வருகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இது நம் வீட்டு மோட்டார் மாதிரி கீழேயிருந்து உறிஞ்சாது. தண்ணீர் தானாக வந்து பம்புக்குள் நிரம்ப வேண்டும், அதன் பிறகே அது தள்ளும். அதனால் பம்ப் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கிருந்து கண்டென்ஸர் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு வளைவு மேலே ஏறிக் கீழே இறங்கினால் அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் நகராது. படகைக் கரையேற்றி பெயின்ட் அடித்துவிட்டு மறுபடி தண்ணீரில் இறக்கும் நாளில் இந்த ஏர் லாக் பிரச்சினை கட்டாயம் வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். பம்பின் வெளிப்பக்க ஹோஸைத் தளர்த்தி, தண்ணீர் வரும்வரை காற்றை விட்டு, மறுபடி இறுக்கினால் தீரும். ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொரு முனையிலும் இரண்டு இருக்க வேண்டும், கடல் மட்டத்துக்குக் கீழே ஒன்று போதாது. படகு கரையில் இருக்கும்போது யாராவது வெயில் தாங்காமல் ஏசி போட்டால் பம்ப் வறட்சியாக ஓடி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். பட்டறையில் வேலை செய்யும் பெயின்டர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி ஆசிட் கழுவல். இதில்தான் அதிகம் கெடுதல் நடக்கிறது. கண்டென்ஸர் குழாய் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். கடல் தண்ணீர் பட்டதும் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகும். அந்தப் படலம்தான் குழாயை அரிப்பிலிருந்து காப்பாற்றுகிறது. கடுமையான ஆசிட்டோ கம்பியோ அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். சுருட்டிய குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தவே கூடாது; அது மறுமுனைக்குப் போகாது, பாதியில் சுரண்டிவிட்டு நிற்கும். பெரிய கப்பல்களில் நேர் குழாய்கள் கொண்ட கண்டென்ஸர் இருக்கும், அதில் மட்டும் இரண்டு பக்க மூடியையும் கழற்றி நைலான் பிரஷ் விடலாம். அதன் உள்ளே துத்தநாகக் கட்டி இருந்தால் பாதி கரைந்தவுடன் மாற்றிவிடுங்கள். அது கரைவதால்தான் மற்றது கரையாமல் இருக்கிறது.

கழுவலுக்கு நான் விரும்புவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பதும் இதுவே. பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ போதும். படகின் சீ காக்கை மூடி, கண்டென்ஸருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் கழற்றி, ஒரு பக்கெட்டும் சின்ன பம்பும் வைத்துத் தனிச் சுற்றாக ஓட்ட வேண்டும். படகின் சொந்த பம்ப் இதில் சேரக் கூடாது. வழக்கமாகத் தண்ணீர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஓட்டினால் வாயில் சிக்கிய சிப்பித் துண்டுகள் வெளியே தள்ளப்படும். அதற்கு முன் வெறும் நல்ல தண்ணீரை வேகமாக ஓட்டிப் பாசியையும் சேற்றையும் வெளியேற்றிவிடுங்கள். ஆசிட் வழுக்கல் பாசியைக் கரைக்காது, அதன் மேலேயே வழுக்கிப் போகும்.

ஆசிட் சுண்ணாம்பைத் தொட்டதும் பக்கெட்டில் நுரை வரும். நுரைத்துக்கொண்டே இருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது. நுரை நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: படிவு தீர்ந்திருக்கும் அல்லது ஆசிட் செத்திருக்கும். பிஹெச் தாள் நனைத்துப் பாருங்கள். புளிப்பு இன்னும் இருந்தும் நுரை இல்லை என்றால் முடிந்தது. புளிப்பு போயிருந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி ஓட்டுங்கள். கலங்கிய பழைய கரைசலையே நெடுநேரம் ஓட்டினால் கரைந்த கால்சியம் வேறு உருவில் மறுபடி படியவும் கூடும். பொறுமையாக இரண்டு பக்கெட் செலவழிப்பது நல்லது.

மியூரியாட்டிக் ஆசிட் வேகமாக வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. வேகம் உண்மை. ஆனால் பித்தளை இணைப்புகளையும் ஸ்டெயின்லெஸ் கிளாம்பையும் அது சேர்த்தே தின்னும். மூடிய கேபினுக்குள் அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும். படகில் அதை உபயோகிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எந்த ஆசிட்டோடும் பிளீச் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வரும், அடித்தட்டில் ஓட இடமிருக்காது. ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள். கண்ணாடி, கையுறை, மேலே திறந்த கதவு மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மீதிக் கரைசலில் ஆப்ப சோடா போட்டு நுரை அடங்கும்வரை சமப்படுத்தி, கரைக்கு எடுத்துப் போய் அப்புறப்படுத்துங்கள். மரினாவுக்குள் ஊற்ற வேண்டாம், அந்தத் தண்ணீரில் மீன்கள் இருக்கின்றன.

காற்றுப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான்: ஃபில்டர், கூலிங் காயில், டிரெயின் டிரே. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். 2003 ஜூலையில் சவூதியின் தஹ்ரானில் பனிநிலை வெப்பம் (டியூ பாயின்ட்) 35 டிகிரி பதிவானது. அந்தக் கரையில் காற்றில் அவ்வளவு ஈரம். டிரேயில் தண்ணீர் சொட்டாது, ஓடும். படகோ ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். எனவே டிரேயின் தாழ்ந்த மூலை எது என்று பார்த்து, அங்கே டிரெயின் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குழாயை எஞ்சின் அறைக்குள்ளோ, ஜெனரேட்டர் புகைப்போக்கிக்கு அருகிலோ விட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். ப்ளோயர் இழுக்கும் வேகத்தில் வறண்ட டிரெயின் குழாய் வழியாகக் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் ஏறும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். முதலாளி செலவுக்குத் தயங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேபினில் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

ஓடும் படகைவிட நிற்கும் படகே சீக்கிரம் அடைபடும். ஓடாத குழாயில் தேங்கிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்; ஸ்ட்ரெய்னர் துளை வழியாக நுழைந்த கொட்டலசுக் குஞ்சுகள் அங்கே நிம்மதியாகச் சுவரில் ஒட்டி ஓடு கட்டும். முதலாளி கோடைக்கு வெளிநாடு போய்விட்டால், காவலுக்கு இருப்பவரிடம் சொல்லி வாரத்துக்கு ஓரிரு முறையாவது ஏசியை ஒரு மணி நேரம் ஓட்டச் செய்யுங்கள். அதற்கும் ஆள் இல்லையென்றால் சீ காக்கை மூடி, கண்டென்ஸரிலும் பம்பிலும் ஹோஸிலும் நல்ல தண்ணீர் விட்டுக் கடல் தண்ணீரை முழுதும் வெளியேற்றி வையுங்கள். துபாய்க் குழாய்த் தண்ணீர் கடல்நீரைக் குடிநீராக்கிய மென்மையான தண்ணீர், இதற்கு ரொம்ப நல்லது. கடைசியாக, ஏசி பிரேக்கரை இறக்கி, ‘சீ காக் மூடியிருக்கிறது, திறக்காமல் ஏசி போடாதே’ என்று அந்தப் படகில் வேலை செய்பவர்களுக்குப் புரியும் எல்லா மொழியிலும் எழுதிய அட்டையை அந்தப் பிரேக்கரிலேயே கட்டுங்கள். சீ காக் கைப்பிடியில் கட்டிய அட்டையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.